எம்.எஸ்சி.யும் ஓர் எலுமிச்சம்பழமும்

பிறந்த ஊருக்கு விருந்தாளியாகப் போகலாம். புருஷனிடம் கோவித்துக்கொண்டு பெட்டியோடு போகலாம். தேர்தலில் தோற்றுவிட்டுக்கூடப் போகலாம். அதிகாரியாக மட்டும் போகவே கூடாது. நீங்கள் மூக்கு ஒழுக, இடுப்பில் துணியில்லாமல் தெருவில் ஓடியதைப் பார்த்தவர்கள் நாற்பது பேராவது அங்கே திடகாத்திரமாக இருப்பார்கள். அவர்கள் முன்னால் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். இருபத்து நாலு வயதில் எனக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது.

இன்று மண், தண்ணீர் என்று எதைக் கொடுத்தாலும் பரிசோதித்துச் சொல்லும் ஒரு சென்னைப் பரிசோதனைக்கூடத்தில் நான் கொஞ்சம் பெரிய ஆள். எனக்குக் கீழே ஆறேழு பேர் வேலை பார்க்கிறார்கள். என்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தை ஒட்டியிருக்கும் எங்கள் குப்பத்தில் போய் "கலைவாணி வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. "சோடா மேடம் வீடு" என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள். அந்தப் பெயர் வந்த கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் அண்ணி வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

எங்கள் தெருவுக்கு இருந்தது ஒரே ஓர் அடிபம்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர் என்று இருக்கிற ஊரில், அந்தப் பம்பில் மட்டும் எப்படியோ நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அதில் பெட்ரோல் வாடை அடித்தது. முதலில் குடத்தைச் சந்தேகப்பட்டார்கள். பிறகு குடத்தைத் தேய்த்த மருமகள்களைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியாகத்தான் ஏகாம்பரம் மாமாவைச் சந்தேகப்பட்டார்கள்.

ஏகாம்பரம் மாமா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நாலு ஃபைபர் படகுக்குச் சொந்தக்காரர். பம்பிலிருந்து இருபதடி தள்ளி அவருடைய கொட்டகை. அதன் பின்னால் எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோலை ஓர் இரும்புத் தொட்டியில் ஊற்றித் தரையில் புதைத்து வைத்திருந்தார். தொட்டி ஓட்டையாகியிருக்கும் என்று ஊர் சொன்னது. அவர் ஊர்க் கூட்டத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எவனோ எஞ்சினை பம்பாண்ட வெச்சிக் கழுவிகிறான். என் தொட்டி ஒழுவுதுன்னு எவன் பாத்தான்? தண்ணிய வெச்சி என் மேல பழி போடாதீங்க. மண்ணுல காட்டுங்க. என் கொட்டாய் மண்ணுல பெட்ரோலு கீதுன்னு டெஸ்டு பண்ணிக் காட்டிட்டா, தொட்டியப் புடுங்கிப் போட்டுட்டு புது பம்பும் நானே போட்டுத் தரேன். காட்டலன்னா இத்தோட இந்தப் பேச்சை வுட்டுடணும். ஒரே தபாதான்!"

ஊர் ஒப்புக்கொண்டது. மாமாவிடம் ஆயிரம் குறை இருந்தாலும் சொன்ன சொல் மாறாதவர். அதுவரை எங்கள் தெருப் பெண்கள் பக்கத்துக் குப்பத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள். என் அம்மா விடியற்காலையில் மீன் கூடையோடு போய், வெயில் ஏறித் திரும்பி, கூடையை இறக்கிவைத்த கையோடு குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். முழங்கால் வீங்கியிருக்கும். என் நைனா அதைப் பார்த்துவிட்டுத்தான், "நம்ம கலா மெட்ராஸ்ல இந்த வேலைதானே பாக்குது? அத்தக் கூப்ட்டா இன்னா?" என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்.

அப்போது நான் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் மேலாளர் (பொறுமையே உருவானவர், அந்தப் பொறுமையில் கால்வாசியை நான்தான் தீர்த்தேன்) எனக்குப் பாடம் எடுத்தார். பெட்ரோலில் இருக்கிற சமாசாரங்கள் நிமிடத்தில் காற்றோடு ஓடிப்போகிறவை. மண்ணை வெட்டி, கிளறி, பையில் போட்டுக் கொண்டுவந்தால் வழியிலேயே எல்லாம் பறந்துவிடும். அதனால் முனை வெட்டிய ஊசிக்குழாய் போன்ற ஒன்றால் மண்ணைக் குத்தி எடுத்து, கண்ணாடிக் குப்பிக்குள் தள்ளி, உடனே இறுக மூடி ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். எடுக்கிறவள் சென்ட் போடக் கூடாது, பவுடர் கூடாது, நகப்பூச்சு கூடாது, மார்க்கர் பேனாவால் எழுதக்கூடக் கூடாது.

குப்பிக்குள் கொஞ்சம் திரவம் முன்கூட்டியே ஊற்றியிருக்கும். மண்ணில் இருக்கிற கிருமிகள் பெட்ரோலைத் தின்று தீர்த்துவிடாமல் அது காக்கும். அதில் இரண்டு வகை. சார் இரண்டு பெட்டிகளையும் என் முன்னால் வைத்தார்.

"இது அமிலக் குப்பி. இது மெத்தனால் குப்பி. போனதும் முதல் வேலையாக ஒரு சிட்டிகை மண்ணை அமிலக் குப்பியில் போட்டுப் பாரும்மா. நுரை வந்தால் அந்த மண்ணுக்கு அமிலம் ஆகாது. எல்லாவற்றையும் மெத்தனாலில் எடு. கடலோர மண், ஜாக்கிரதை."

"எங்க ஊர் மண்ணு எனக்குத் தெரியாதா சார்?" என்றேன்.

இந்த வாக்கியத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் கட்டிய வட்டிதான் மீதிக் கதை.

வீட்டுக்கு வந்து பையை அடுக்கினேன். இரண்டு பெட்டி, என் வெள்ளைக் கோட்டு, மூன்றும் சேர்ந்து பைக்குள் போகவில்லை. கோட்டு புதிது. இடது பக்கம் 'கலைவாணி, எம்.எஸ்சி.' என்று நீல நூலில் தைத்து வாங்கியிருந்தேன். மொடமொடவென்று கஞ்சி போட்டு இஸ்திரி செய்திருந்தது. ஒரு பெட்டியை வெளியே எடுத்தால் கோட்டு கசங்காமல் உள்ளே போகும். எடுத்தேன். மெத்தனால் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் நிம்மதியாகத் தங்கிவிட்டது.

பொன்னேரியில் பஸ் மாறி, திருப்பாலைவனம் வயல்களைத் தாண்டி ஊர் போய் இறங்கினேன். பஸ் நிறுத்தத்திலேயே கோட்டைப் போட்டுக்கொண்டேன். (ஆமாம், சித்திரை மாத வெயிலில்.) வீட்டு வாசலில் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமே இது, மூஞ்சில பவுடர் இல்ல, தலையில பூ இல்ல? யாரு செத்துட்டாங்கன்னு இப்படி வந்துகிற?"

"டெஸ்டு எடுக்க சொல்லோ வாசனை எதுவும் கூடாதும்மா."

"அப்ப அந்த அங்கி?"

"அது கோட்டு."

"ஆஸ்பத்திரில கட்டுக் கட்றவங்க மாதிரி கீற," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே பத்மா அண்ணி நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். என் அண்ணனின் மனைவி, என் வயதுதான். ஆந்திர எல்லையை ஒட்டிய சுண்ணாம்புக்குளத்துப் பெண். அவள் பிறந்த வீட்டில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கி விற்பார்கள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் மட்டும் பெயிலானவள். (இந்தத் தகவலை அந்தக் காலத்தில் யாரும் கேட்காத இடங்களில்கூட நான் நினைவுபடுத்துவேன்.) அவள் என் குப்பிகளை எட்டிப் பார்த்து, "உள்ள இன்னா தண்ணி கலா?" என்றாள்.

"அமிலம். உனக்குச் சொன்னாப் புரியாது அண்ணி."

"சரி," என்றாள். அந்தச் 'சரி'யை நான் கவனித்திருக்க வேண்டும்.

வலை உலர்த்துகிற மேட்டில் ஊரே கூடியிருந்தது. எங்கே மண் எடுப்பது என்று கேள்வி வந்தது. தொட்டியைச் சுற்றி நாலைந்து இடத்தில் எடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கத் தள்ளி ஓர் இடத்தில் எடுப்பதுதான் முறை. அதைத்தான் சார் படம் போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் ஊர்த் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒர்த்தர் வூட்டு மண்ண மட்டும் எட்னு போனா ஊருக்குள்ள வருத்தம் வரும். பாடு மாதிரி சீட்டு போட்டுடலாம்."

எங்கள் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் தீர்மானிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல மீன்பாடு உள்ள இடம் ஒருத்தனுக்கே போய்விடாமல் இருக்க அது அருமையான ஏற்பாடு. மண்ணில் பெட்ரோல் எங்கே ஒழுகியிருக்கிறது என்பதைச் சீட்டுப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நூறு பேர் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டெஸ்டில் வந்த வீட்டுக்குத்தான் புதுக் குழாய் இழுப்பார்கள் என்று யாரோ புரளி வேறு கிளப்பிவிட்டிருந்ததால், எல்லோருக்கும் தங்கள் மண்ணைக் கொடுக்க ஆசை. "அப்படியே செய்யலாம்," என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

"சீட்டுல ஆம்பளைங்க பேருதான் வருமா? தண்ணி தூக்கறது நாங்க," என்று அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். அது வழக்கம்போல் காற்றோடு போனது. ஆனால், "சீட்டு வந்தாலும் வராங்காட்டியும் ஏகாம்பரம் அண்ணன் கொட்டாய்ல ஒண்ணு எடுத்தே ஆவணும்," என்று அவள் அடுத்துச் சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. சீட்டில் ஐந்து இடம், மாமா கொட்டகை ஆறாவது என்று முடிவானது.

நான் ஒரு சிற்றுரை ஆற்றினேன். பீடி கூடாது. சென்ட் கூடாது. தலைக்கு எண்ணெய் தடவியவர்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.

"மீன் வாடை?" என்று ஒருவர் கேட்டார்.

"அது பரவாயில்லை."

"நல்ல வேளை. இல்லாங்காட்டி ஊரே ஏரிக்கு அந்தாண்ட போயி நிக்கணும்," என்றார் அவர்.

முதல் சீட்டு என் பெரியப்பா வீட்டுக் கொல்லைக்கு விழுந்தது. சார் சொன்ன ஒரு சிட்டிகைச் சோதனை எனக்கு நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. மண்டியிட்டேன், குழாயைக் குத்தினேன், மண்ணைக் குப்பிக்குள் தள்ளினேன்.

குப்பி பொங்கியது. புஸ்ஸென்று ஒரு சத்தம். வெள்ளை நுரை கழுத்துவரை ஏறி வழிந்து என் கையுறையில் இறங்கியது. கூட்டம் 'ஓ' என்றது. எனக்கு உடனே உறைத்தது. எங்கள் ஊர் மண் என்றால் என்ன? பாதி மணல், பாதி கிளிஞ்சல் தூள். கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் அமிலம் பட்டால் பொங்கும். ஆறாம் வகுப்புப் பாடம். அந்தக் கிளிஞ்சலில் விழுந்து முழங்கால் கிழிந்து வளர்ந்தவள் நான். மெத்தனால் பெட்டியோ சென்னையில் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

"இன்னா கலா, பொங்குது?" என்றாள் பத்மா அண்ணி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். கஞ்சி போட்ட கோட்டுக்குள் நின்றுகொண்டு உண்மை சொல்வது சுலபமில்லை. "பொங்கினா மண்ணுல கெட்டது கீதுன்னு அர்த்தம்," என்றேன். குப்பியை இறுக்கித் திருகி ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

பெரியம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். "ஐயோ, அந்தக் கொல்லையிலதானே கீரை போட்டேன்! போன வாரம் சம்மந்தி வூட்டுக்கு வேற குடுத்தனுப்பினேனே!"

இரண்டாவது சீட்டு அம்மன் கோயில் பின்புறம். பொங்கியது. பூசாரி என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை நான் மறக்கவில்லை. அவர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார், எனக்காகவா அம்மனுக்காகவா என்று தெரியாது. மூன்றாவது ஊர்த் தலைவர் வீட்டு வாசல். அது எல்லாவற்றையும்விட ஜோராகப் பொங்கியது. நான்காவது வலை உலர்த்தும் மேடு. ஐந்தாவது, விதியைப் பாருங்கள், எங்கள் வீடு. நூறு பேர் எதிரில் என் நைனா வாசலும் கெட்ட மண் ஆனது. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் என் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது.

எல்லோரும் நின்றோம். 'டப்' என்று இன்னொன்று. இறுக்கி மூடிய குப்பிகளுக்குள் வாயு நிறைந்து மூடிகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். ஊருக்குத் தெரியாது. "பெட்ரோலு வெடிக்குது டோய்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். பீடி கூடாது என்ற என் ஆணையை யார் யார் மீறியிருந்தார்கள் என்பது அந்த நிமிடம் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு பீடிகள் ஆகாயத்தில் பறந்தன. ஒருவர் ஓடிப்போய் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டார். எங்கள் தலைவர் (கடலில் புயலைப் பார்த்தவர்) பூசாரியின் பின்னால் ஒளிந்தார். பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நான் மட்டும் தனியாக நின்றேன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இது சகஜம்," என்றேன். 'டப்' என்றது பெட்டி.

எப்படியோ எல்லோரும் திரும்பி வந்து, ஆறாவது இடத்துக்குப் போனோம். மாமா கொட்டகையின் பின்பக்கம். தொட்டிக்குப் பக்கத்திலேயே குழாயைக் குத்தினேன். இங்கே பொங்குவதுதான் பெரிய பொங்கலாக இருக்கும் என்று ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மண்ணைக் குப்பிக்குள் தள்ளினேன்.

பொங்கவில்லை.

குலுக்கினேன். ஒரு நுரைகூட இல்லை. சமர்த்தாக அடியில் படுத்துக்கொண்டது மண்.

ஏகாம்பரம் மாமா துண்டை எடுத்து மறுபடியும் உதறினார். "பாத்துகினீங்களா? கோயிலு மண்ணு கெட்டது, தலைவரு மண்ணு கெட்டது, என் மண்ணு தங்கம்! நான் சொல்லல, எம்.எஸ்சி. படிச்ச என் தங்கச்சி பொண்ணு சொல்லுது. கண்ணு கலா, மாமா மண்ணு சுத்தம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. பேச்சு முடிஞ்சுது."

தலைவர் என்னைப் பார்த்தார். "சொல்லுமா. மாமா மண்ணு சுத்தமா?"

நான் கூட்டத்தைப் பார்த்தேன். அம்மா இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். டெஸ்ட் முடிந்ததும் பக்கத்துக் குப்பத்துக்கு நடக்கத் தயாராக வந்திருக்கிறாள். வீங்கிய முழங்காலுக்குச் சுமை கொடுக்காமல் மற்ற காலில் சாய்ந்து நின்றாள். அவள் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொல்லப் போவதை அப்படியே நம்பத் தயாராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கோட்டு முதன்முதலாகச் சுட்டது.

"அது வந்து... பொங்கினதுக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமில்ல," என்றேன்.

"இன்னாது?"

"கிளிஞ்சலு. நம்ம மண்ணுல கிளிஞ்சல் கீது. அமிலம் பட்டா பொங்கும். வேற குப்பி எட்னு வந்திருக்கணும். கோட்டு வெக்க எடமில்லன்னு வுட்டுட்டு வந்துட்டேன். தப்பு பண்ணிட்டு உங்களாண்ட பொய் சொல்லிட்டேன்."

எல்லோரும் என் கோட்டைப் பார்த்தார்கள். பிறகு பெரியம்மா, "அப்ப என் கீரை?" என்றாள். "கீரை நல்ல கீரைதான் பெரிம்மா," என்றேன். அவ்வளவுதான், சிரிப்பு வெடித்தது. தலைவர் சிரித்தார், பூசாரி சிரித்தார், ஏரியில் நின்றவர் நனைந்த வேட்டியோடு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சோடா கம்பெனி வெச்சிட்டு வந்து டெஸ்டுன்னு சொல்லுது பாரு!" என்று யாரோ சொன்னார்கள். அந்த நொடியில் பிறந்தது என் பெயர்.

பத்மா அண்ணி சிரிக்கவில்லை. நண்டுக் குழம்புக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள். காலையிலிருந்தே! தெருவிலிருந்து ஊர் மண் ஒரு கை எடுத்துக் கொட்டாங்கச்சியில் போட்டு, பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்து, பாதியைப் பிழிந்தாள். மண் சின்னதாக நுரைத்தது.

"எங்க நைனா சூளையில கிளிஞ்சலாண்ட யாரும் புளிப்பு கொண்டாரமாட்டாங்க. மொத குப்பியிலயே சொல்லலாம்னு பாத்தேன். எம்.எஸ்சி. முன்னாடி பத்தாவது பெயிலு வாயத் தொறக்கலாமான்னு கம்னு இருந்துட்டேன்," என்றாள்.

அமிலக் குப்பியே என் தலையில் உடைந்திருந்தாலும் அவ்வளவு எரிந்திருக்காது.

மாமா சுதாரித்துக்கொண்டார். "சரி, டெஸ்டு பணால். பாவம், சின்னப் பொண்ணு. ஆனா ஒரே தபாதான்னு சொன்னேன். எல்லாரும் வூட்டாண்ட போங்க." அதுவும் நியாயம்தான். தலைவர் தலையைச் சொறிந்தார். கூட்டம் கலைய ஆரம்பித்தது. அம்மா குடத்தை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

அண்ணி மட்டும் நகரவில்லை. குனிந்து மாமாவின் கொட்டகை மண்ணை ஒரு கை எடுத்தாள். மீதிப் பாதிப் பழத்தை அதன் மேல் பிழிந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"மாமா," என்றாள் மெதுவாக. "கோயில் மண்ணு பொங்குது. தலைவர் மண்ணு பொங்குது. எங்க மாமியார் மண்ணு பொங்குது. நம்ம ஊரு மண்ணுன்னா பொங்கணும். உன் மண்ணு மட்டும் ஏன் பொங்கல? இது எந்த ஊரு மண்ணு?"

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

மாமா இந்த முறை துண்டை உதறவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் போட, பள்ளமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பாலைவனம் பக்கமிருந்து இரண்டு டிராக்டர் வயல் மண் கொட்டி மேடாக்கியது எல்லோருக்கும் தெரியும். அந்த மேட்டில் பாய் விரித்து உட்கார்ந்து ஊரே பிரியாணி சாப்பிட்டது. நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பள்ளம் கொட்டகைக்கு முன்னால்தானே இருந்தது, பின்னால் தொட்டியைச் சுற்றி எதற்கு மண் கொட்டினார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

அப்போதுதான் என் மூளை, தாமதமாக வந்த பஸ் போல, வந்து நின்றது. நான் டெஸ்ட் எடுத்தது மாமா மண்ணையே இல்லை. அது எங்கோ வயலிலிருந்து வந்த விருந்தாளி மண். மாமா மண் அதற்குக் கீழே இருக்கிறது!

"அண்ணா, மம்பட்டி எட்னு வா!" என்று கத்தினேன். கோட்டைக் கழற்றி எறிந்தேன்.

என் அண்ணன் வெட்டினான். ஒரு முழம் வரை பழுப்பு மண். இரண்டாவது முழத்தில் கறுப்புக் கிளிஞ்சல் சேறு தெரிந்தது. அடுத்த வெட்டில் அதன் வாடை எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. பெட்ரோல் பங்க்கில் நிற்கிற மாதிரி. முன்வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். குப்பி தேவைப்படவில்லை, ஐஸ் தேவைப்படவில்லை, எம்.எஸ்சி. கொஞ்சமும் தேவைப்படவில்லை.

மாமா அப்படியே ஒரு கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்துவிட்டார். "சம்மந்தி வூட்டுக்காரங்க வர சொல்லோ நாறக் கூடாதுன்னுதான் கொட்டினேன்," என்றார். "அப்பறம் சொல்ல வாய் வரல." எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வாய் வராமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் அரைமணி நேர அனுபவம் கிடைத்திருந்தது. பிறகு அவர் எழுந்து, "சொன்னா சொன்னதுதான்," என்றார். மறுநாளே தொட்டியைப் பிடுங்கினார்கள். அதன் அடிப்பக்கம் இடியாப்ப அச்சு மாதிரி இருந்தது. அடுத்த மாதம், ஊருக்கு மறுகோடியில், நல்ல தண்ணீர் வருகிற இடம் பார்த்து, மாமா செலவில் புது பம்பு வந்தது. முதல் குடம் அம்மா பிடித்தாள்.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது அம்மா என் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே உடைந்த மூடிகளும் சேறும். "காலிப் பொட்டிய மெட்ராஸுக்கு எட்னு போவாங்களா? உங்க சாரு இன்னா நெனப்பாரு?" என்று கழுவி, புது ஐஸ் போட்டு, மடவை மீனும் இறாலும் நிரப்பிக் கொடுத்தாள். மறுநாள் சார் மாதிரிகளை வாங்கிக்கொள்ளக் கையுறை மாட்டி, நேரம் எழுதி, பெட்டியைத் திறந்தார். மேலாக ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அண்ணியின் வேலை.

"மண் எங்கேம்மா?" என்றார் சார்.

முழுக் கதையையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார். பிறகு மீனை வீட்டுக்கு எடுத்துப்போனார், என்னை மெத்தனால் பெட்டியோடு மறுபடியும் அனுப்பினார். இந்த முறை கோட்டு இல்லாமல் போனேன். தொட்டி இருந்த மண்ணில் எவ்வளவு ஆழம் வரை கெட்டிருக்கிறது என்று பார்த்து, கெட்டதையெல்லாம் அள்ளி அகற்றச் சொல்லி முறைப்படி அறிக்கை கொடுத்தோம். எடுக்கும்போது ஒவ்வொரு குப்பிக்கும் அண்ணி பக்கத்தில் நின்று, "இது பொங்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. ஊர் மறக்கவில்லை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோலி சோடா கொண்டுவந்தார்கள். முதல் சோடா 'டப்' என்று உடைந்ததும், எங்கள் குப்பத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒன்றாக இரண்டடி பின்னால் போனார்கள். ஏகாம்பரம் மாமா நாற்காலியோடு போனார். மாப்பிள்ளை வீட்டார் திகைத்து நின்றார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல மைக்கைப் பிடுங்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்த நேரம் கிட்டத்தட்டத் தவறப் பார்த்தது.

மறுநாள் நான் புகுந்த வீட்டுக்குக் கிளம்பினேன். அம்மா அழுதாள், நைனா வானத்தைப் பார்த்தார். அண்ணி மட்டும் கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து மூடினாள். "புது ஊருக்குப் போற. மொதல்ல மண்ணு எப்படின்னு பாத்துக்க. அப்பறமா வாயத் தொற," என்றாள்.